மண்டை எலும்பை எடுத்து வைக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

உங்கள் அண்ணனுக்கு 52 வயது. நேற்றுக் காலை ஆறு மணிக்கு வலது கையும் காலும் விழுந்து பேச்சும் போய்விட்டது. மூளையின் இடது பக்கம் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். இன்று மதியத்திலிருந்து கூப்பிட்டால் கண் திறக்கிறார், உடனே தூங்கிப் போகிறார். மண்டை ஓட்டில் ஒரு பக்க எலும்பை எடுத்து வைக்க வேண்டும், இன்றிரவே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். இது தேவையா, பணம் பிடுங்கும் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் உங்கள் அண்ணி சொன்னதாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: “உசுரு மட்டும் மிஞ்சி என்ன பண்றது?” நீங்கள் குடும்பமாகக் கேட்பது அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் மூளை அறுவை சிகிச்சை நிபுணராக அரசு மருத்துவமனையிலும் தனியாரிலும் பல வருடம் வேலை செய்தவன், இந்த ஆபரேஷனை நிறையச் செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் அண்ணனின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆகவே இங்கே நான் சொல்வது அந்த டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ள உதவினால் போதும், அவரை மீறிப் போக அல்ல.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நேரம் குறைவு. 52 வயதில், மூளையின் நடுத் தமனி ஓடும் பரப்பில் பாதிக்கு மேல் செத்துப்போன ஸ்ட்ரோக்கில், தூக்கக் கலக்கம் ஆரம்பித்த நேரத்தில் இந்த ஆபரேஷனைச் சொல்வது நியாயமான ஆலோசனை. அவர்களாக இட்டுக்கட்டியது இல்லை, எந்த ஊரில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பை இது இரண்டு மடங்குக்கும் மேல் கூட்டுகிறது. விழுந்த கையையும் போன பேச்சையும் இது திருப்பித் தராது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் மூன்றாவது மாதத்தில் எங்களிடம் கோபமாக வருவார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, இரண்டாவதை யாரும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நேற்றைவிட இன்று ஏன் மோசமானார் என்று கேட்டிருந்தீர்கள். ரத்தம் போகாத மூளை செல்களில் உப்பை வெளியே தள்ளும் வேலை நின்றுவிடும், உப்போடு தண்ணீரும் உள்ளே ஏறி செல்கள் ஊதும். அடுத்து, ரத்தக்குழாய்ச் சுவரே கசிய ஆரம்பித்து வீக்கத்தைக் கூட்டும். இது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைக்குள் உச்சத்துக்குப் போகும். கால் சுளுக்கினால் வீங்க வெளியே இடம் இருக்கிறது, மண்டைக்குள் அந்த இடம் இல்லை. மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர் ஆகிய மூன்றும்தான் உள்ளே. ஒன்று பெருத்தால் மற்ற இரண்டும் ஓரளவுக்கு ஒதுங்கிக் கொடுக்கும், அப்புறம் முடியாது. அதற்குப் பிறகு வீங்கிய பக்கம் நல்ல பக்கத்தைத் தள்ளும், கீழே மூளைத்தண்டையும் அழுத்தும். மூச்சு, இதயத்துடிப்பு, விழிப்பு எல்லாம் அந்தத் தண்டில்தான். பலர் நினைப்பதற்கு மாறாக, இதில் ஆபத்து அதிகம் வயதில் சின்னவர்களுக்கு. எழுபது வயதில் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும், வீங்க இடம் மிச்சமிருக்கும். 52 வயதில் அந்த இடம் குறைவு. “திடகாத்திரமான ஆளாச்சே, தாங்கிக்குவாரு” என்ற பேச்சு இந்த நோயில் எடுபடாது.

சரி, நிச்சயமாகத் தெரிந்தது என்ன? பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் நடந்த மூன்று ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2007ல் வெளியிட்டார்கள். 60 வயது வரையுள்ள 93 பேர். சிலருக்கு 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், மற்றவர்களுக்கு மருந்தும் ஐ.சி.யூ. கவனிப்பும் மட்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு 78 பேர் உயிரோடு இருந்தார்கள், ஆகாதவர்களில் 29 பேர். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டுகிற சிகிச்சைகள் ரொம்பக் கொஞ்சம். இரண்டு பேருக்கு ஆபரேஷன் செய்தால் ஒரு உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது என்று கணக்கு. 93 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதைச் சுட்டிக்காட்டிச் சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 2021ல் ஏழு ஆய்வுகளின் 488 நோயாளிகளை ஒவ்வொருவராக எடுத்துச் சேர்த்துப் பார்த்தபோதும் ஆபரேஷன் பக்கமே முடிவு வந்தது.

உங்கள் அண்ணி கேட்டதற்கான பதில் அதே 2007 கணக்கின் அடுத்த வரியில் இருக்கிறது. பிழைத்த 78 பேர் எந்த நிலையில் இருந்தார்கள்? ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதை 0 முதல் 6 வரை எண் கொடுத்து அளப்பார்கள். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் இறந்துவிட்டார். 2 என்றால் சின்னக் குறை, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். 3 என்றால் துணையில்லாமல் நடப்பார், ஆனால் சில வேலைகளுக்கு ஆள் வேண்டும். 4 என்றால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் நடக்க முடியாது, குளிக்க, கழிப்பறை போக உதவி வேண்டும். 5 என்றால் படுத்த படுக்கை. ஆபரேஷன் ஆனவர்களில் 0, 1 இரண்டிலும் ஒருவரும் இல்லை. நூற்றுக்கு 14 பேர் 2ல், 29 பேர் 3ல், 31 பேர் 4ல், 4 பேர் 5ல் இருந்தார்கள். ஆபரேஷன் ஆகாதவர்களில் 2ல் இருவர், 3ல் 19 பேர், 4ல் இருவர், 5ல் ஐந்து பேர், மற்றவர்கள் இறந்துவிட்டார்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பழைய மனிதராக எழுந்து வந்தவர் யாருமே இல்லை. ஆனால் “பிழைத்தாலும் படுத்த படுக்கைதான்” என்று உங்கள் உறவினர்கள் சொல்வதும் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. படுக்கையோடு கிடந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான், நூற்றுக்கு நாலைந்து பேர். கூடியது நான்காம் எண்: சக்கர நாற்காலி, வீட்டில் எப்போதும் ஒரு ஆள், குளியலறையில் கைப்பிடி, ஒரு கையால் சாப்பாடு. மூன்றாம் எண்ணும் அதைவிட நல்ல இரண்டாம் எண்ணும் சேர்ந்தும் கூட இரண்டு மடங்காகியிருக்கிறது, 21லிருந்து 43க்கு. ஆய்வுக்கட்டுரைகள் நான்காம் எண்ணையும் ‘நல்ல முடிவு’ப் பக்கம் சேர்த்துத்தான் கணக்குக் காட்டின. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான்காம் நிலை நல்லதா இல்லையா என்பதை அந்த வாழ்க்கையை வாழப் போகிறவரும் அவரைத் தூக்கி உட்காரவைக்கப் போகிறவரும் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிழைத்தவர்களிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடமும் பிற்பாடு கேட்டபோது, திரும்பவும் அந்த நிலை வந்தால் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்வோம் என்று பெரும்பாலானவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பேச முடியாமல் போனவர்களின் பதில் அந்தக் கணக்கில் முழுதாக வராது என்பதையும் கூடவே வைத்துப் பாருங்கள்.

அடைப்பு இடது பக்கம் என்பதால் பேச்சு போய்விடுமே, அதனால் ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரு டாக்டர் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் நாங்களே அப்படி நினைத்தோம். வலது பக்கம் என்றால் சட்டென்று ஒப்புக்கொள்வோம், இடது பக்கம் என்றால் தயங்குவோம். ஆய்வுகளில் அந்தத் தயக்கத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, பேச்சு போனவர்களுக்கும் ஆபரேஷனால் கிடைத்த பலன் அதே அளவுதான். வலது பக்கம் அடிபட்டவர்களுக்கு வேறு தொல்லை வரும். வாய் நன்றாகப் பேசும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாது. தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுந்திருக்கப் போய் விழுவார்கள். பிசியோதெரபியில் இவர்களைப் பழக்குவது சில நேரம் பேச்சில்லாதவர்களைப் பழக்குவதைவிடக் கடினம். உங்கள் அண்ணனுக்குப் பேச்சு எவ்வளவு திரும்பும் என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. முழுதாகத் திரும்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அண்ணியை அடையாளம் தெரிவது, அவர் முகம் பார்த்துச் சிரிப்பது, அழுவது எல்லாம் பேச்சு போனவர்களிடமும் பெரும்பாலும் இருக்கும்.

அவருக்கு 70 வயது என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். 60 வயதைத் தாண்டியவர்களுக்காக ஜெர்மனியில் தனியாக ஒரு ஆய்வு நடத்தி 2014ல் வெளியிட்டார்கள், 112 பேர். அதிலும் ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றியது: இறந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் நூற்றுக்கு 33, மறுபக்கம் 70. ஆனால் பிழைத்தவர்களில் தன் காரியத்தைத் தானே பார்க்கும் நிலைக்கு ஒருவரும் வரவில்லை, ஆபரேஷன் ஆனவர்களில் துணையில்லாமல் நடந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர். மற்றவர்கள் நான்கிலும் ஐந்திலும் இருந்தார்கள். அந்த வயதில் நான் குடும்பத்திடம் ஆபரேஷனைச் சிபாரிசு செய்வதில்லை, எண்களைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். உங்கள் அண்ணன் விஷயத்தில் சிபாரிசு செய்வேன்.

நேரம் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நேற்றுக் காலை ஆறு மணி என்றால் நாளைக் காலை ஆறு மணியோடு 48 மணி நேரம் முடிகிறது. மேலே சொன்ன நல்ல பலன் எல்லாம் அந்த நேரத்துக்குள் செய்ததற்குத்தான். நெதர்லாந்து ஆய்வில் 96 மணி வரை சேர்த்தார்கள், தாமதமாகச் செய்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 48 மணி தாண்டினால் பிரயோஜனமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வீக்கம் மெதுவாக ஏறி நான்காம் நாள் மயங்குபவர்களும் உண்டு, அவர்களுக்கும் செய்கிறோம். ஆனால் அங்கே ஆதாரம் மெலிதாகிவிடுகிறது. என் அனுபவத்தில் கடிகாரத்தைவிட முக்கியமானது கண்ணின் பாப்பா. டாக்டர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பது அதற்குத்தான். வீங்கிய பக்கத்துப் பாப்பா விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றுவிட்டால் மூளைத்தண்டு நசுங்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இரண்டு பக்கமும் அப்படி ஆகிவிட்டால் நான் கத்தியை எடுக்க மாட்டேன். “இன்னும் கொஞ்சம் மோசமானால் பார்த்துக்கலாம்” என்று குடும்பங்கள் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். மோசமான பிறகு செய்தால் உயிர் தங்கலாம், ஆனால் ஐந்தாம் எண்ணில் தங்கும். செய்வதென்றால் இப்போது, இல்லையென்றால் வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுப்பது, இழுத்துக்கொண்டே போய் விடியற்காலையில் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

மருந்திலேயே வீக்கத்தைக் குறைக்க முடியாதா என்று கேட்கிறீர்கள். மன்னிட்டால் என்ற மருந்து, அடர்த்தியான உப்புக் கரைசல் இரண்டும் சில மணி நேரத்துக்கு அழுத்தத்தை இறக்கும், ஆபரேஷன் தியேட்டர் தயாராகும்வரை கைகொடுக்கும். இந்த அளவு வீக்கத்தை அவை மட்டும் சமாளித்து உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஸ்டீராய்டு ஊசி மூளைக் கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்துக்கு நன்றாகக் கேட்கும், ஸ்ட்ரோக் வீக்கத்துக்குக் கேட்காது. தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி வைப்பது, காய்ச்சல் வராமல் பார்ப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எல்லாம் செய்ய வேண்டியவைதான், ஆபரேஷனுக்குப் பதிலாக அல்ல.

ஆபரேஷன் என்ன என்று சொல்கிறேன், பயம் கொஞ்சம் குறையும். காதுக்கு முன்னிருந்து பின்தலை சுற்றி நெற்றி வரை கேள்விக்குறி வடிவில் தோலைக் கீறி மடிப்போம். அந்தப் பக்க எலும்பை முன்பின்னாகக் குறைந்தது 12 சென்டிமீட்டர், முடிந்தால் 14, 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு எடுப்போம். சின்னதாக எடுப்பது எடுக்காமலிருப்பதைவிட மோசம், வீங்கிய மூளை அந்த ஓட்டையின் விளிம்பில் இடித்துக்கொண்டு புதிதாக அடிபடும். அப்புறம் மூளையை மூடியிருக்கும் தடித்த உறையைத் திறந்து, ஒட்டுப்போட்டுத் தளர்வாக மூடுவோம். எலும்பை மட்டும் எடுத்து உறையைத் திறக்காவிட்டால் போதிய இடம் கிடைக்காது. மூளையை வெட்டி எடுப்பதில்லை, இதை அண்ணியிடம் கட்டாயம் சொல்லுங்கள். எடுத்த எலும்பைச் சில மருத்துவமனைகளில் மைனஸ் 70, 80 டிகிரி உறைபெட்டியில் வைப்பார்கள். நம் ஊரில் பல இடங்களில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பை போலச் செய்து வைத்துவிடுவோம். கரன்ட் போனால் கவலையில்லை, எலும்பு தொலையவும் தொலையாது.

இனி வரும் தொல்லைகள். முதல் சில நாள் வென்டிலேட்டர் இருக்கலாம். மூச்சுக்குழாயில் துளை போட வேண்டிவரலாம், மூக்கு வழியாக டியூப் போட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள். எலும்பில்லாத பக்கம் முதலில் உப்பி நிற்கும். வீக்கம் வடிந்ததும் சில வாரத்தில் குழி விழும், பார்க்கச் சங்கடமாக இருக்கும். அந்தப் பக்கமாகப் படுக்கவைக்கக் கூடாது, நடக்க ஆரம்பித்தால் ஹெல்மெட் போட வேண்டும். வலிப்பு, கிருமித் தொற்று, மூளையைச் சுற்றி நீர் கட்டுதல் ஆகிய மூன்றையும் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நீர் கட்டினால் இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம். எலும்பைத் திரும்ப வைக்கும் ஆபரேஷன் தனி, பெரும்பாலும் சில மாதம் கழித்து. எத்தனை மாதம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. முன்பெல்லாம் ஆறு மாதம் காத்திருந்தோம், இப்போது தொற்று இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள்ளேயே வைப்பவர்கள் அதிகம். நானும் சீக்கிரம் வைப்பவன்தான். தலையில் குழி ஆழமாகிச் சோர்ந்து கிடந்த சிலர் எலும்பு வைத்த பிறகு சுறுசுறுப்பானதைப் பார்த்திருக்கிறேன். பழைய எலும்பு கரைந்துபோனாலோ தொற்று வந்தாலோ டைட்டானியம் தகடோ எலும்பு சிமென்ட்டோ வைப்பார்கள், செலவு கூடும்.

பணம் பிடுங்கும் வேலையா என்ற சந்தேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன், நம் ஊர் நிலைமை அப்படி. ஆனால் உங்கள் சந்தேகம் தவறான இடத்தில் இருக்கிறது. ஆபரேஷனைவிட அதற்குப் பின்னான ஐ.சி.யூ. நாட்களும், வீட்டுக்கு வந்த பிறகு ஆள் வைப்பதும், பிசியோதெரபியும்தான் குடும்பத்தைக் கரைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இன்றே கேளுங்கள். கட்டுப்படியாகாது என்று தெரிந்தால் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றலாம். ஆனால் ஆபரேஷனுக்கு முன் மாற்றுவதென்றால் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அங்கே ஃபோனில் பேசி ஒப்புக்கொண்ட பிறகே ஆம்புலன்ஸ் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஆபரேஷனை இங்கே முடித்துவிட்டு ஒரு வாரம் கழித்து மாற்றுங்கள்.

இன்றிரவு டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்கேனில் எவ்வளவு பரப்பு செத்திருக்கிறது, மூளையின் நடுக்கோடு தள்ளியிருக்கிறதா? பாப்பா இரண்டும் வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றனவா? எலும்பு எவ்வளவு அகலத்துக்கு எடுப்பீர்கள்? பிறகு அண்ணியைத் தனியாக உட்காரவைத்து, அண்ணன் உடம்பு நன்றாக இருந்தபோது இப்படிப் படுத்தவர்களைப் பார்த்து என்ன சொல்வார் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் எப்போதாவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும் என்பவராக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். அடுத்தவர் கையை எதிர்பார்த்து ஒருநாளும் இருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொன்னவராக இருந்தால், வேண்டாம் என்பதும் மரியாதையான முடிவுதான். அப்போது வலியில்லாமல், மூச்சுத் திணறல் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எந்த முடிவானாலும் ஒரு வேலை பாக்கி. ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை எதையாவது அவர் சாப்பிட்டு வந்தாரா, நேற்று அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்களா என்பது ஆபரேஷன் செய்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். பழைய மாத்திரைச் சீட்டு வீட்டில் இருந்தால் யாரையாவது இப்போதே எடுத்து வரச் சொல்லுங்கள்.